பெடலுக்கு அடியில் ஒரு வாத்து

மகளிர் விடுதி, அறை எண் 14
ஜூன் 10

என் அருமை பைலட் அக்காவுக்கு,

பத்திரமா வந்து சேர்ந்துட்டேன். இந்த இடத்துக்குப் பேரு விடுதி. ஆனா யாரையும் வெளிய விடுறதே இல்ல. செல்ஃபோனை வாசல்லயே வாங்கி, பேர் எழுதின துணிப்பையில போட்டு, வார்டன் பீரோவுல பூட்டிட்டாங்க. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்து நிமிஷம் பரோல். அந்தப் பத்து நிமிஷத்தையும் அம்மா "சாப்பிட்டியா"லயே முடிச்சுடுவாங்க. அதனால உனக்குக் கடிதம். ஸ்டியரிங் பிடிக்கிற உன் கை பேனா பிடிச்சா மக்கர் பண்ணும்னு தெரியும். இருந்தாலும் ரெண்டு வரி தள்ளிவிடு.

அறையில மூணு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னல் பாதிதான் திறக்கும். மீதிப் பாதியைப் பெயின்ட் அடிக்கும்போதே சேர்த்து ஒட்டிட்டாங்க. பக்கத்துக் கட்டில்காரி தூக்கத்துல பதினேழாம் வாய்ப்பாடு சொல்றா. அதுவும் தப்பா. காலேஜ்ல என் வகுப்புல நாற்பது பேர், அதுல பொண்ணுங்க ஆறு. வாசல்ல 'இயந்திரவியல் துறை'ன்னு பெரிய போர்டு. அதை 'இயன்றவரை இயல்'னு சாக்பீஸால திருத்தலாமான்னு கை துறுதுறுன்னுச்சு. திருத்தல. பார்த்தியா, திருந்திட்டேன்.

திருந்தித்தானே ஆகணும்? என் சீட்டு இப்போதைக்குத் தற்காலிகம்தான். ஜூலை பதினஞ்சுக்குள்ள நம்ம பள்ளிக்கூடத்துல இருந்து நன்னடத்தைச் சான்றிதழ் வரலைன்னா பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். தலைமையாசிரியை சொன்னது ஞாபகம் இருக்குல்ல? "இன்னும் ஒரே ஒரு புகார். அப்புறம் என் கையெழுத்தை நீ பார்க்கவே முடியாது." பத்து நிமிஷம் முன்னாடியே மணி அடிச்சு மொத்தப் பள்ளிக்கூடத்தையும் வீட்டுக்கு அனுப்பினதை ஹெச்.எம். இன்னும் மறக்கலை. அந்தப் பத்து நிமிஷத்துக்கு எண்ணூறு பிள்ளைங்க எனக்கு நன்றிக்கடன் பட்டிருக்காங்க. அதை யாரும் கணக்குல எடுத்துக்கறதில்ல.

சரி, விஷயத்துக்கு வரேன். வாத்து கத்துச்சா?

நேத்து காலையில நான் பஸ் ஏறக் கிளம்புறதுக்கு முன்னாடி, நீ குளிக்கப் போன நேரமா பார்த்து, வீட்டு வாசல்ல நின்ன உன் ஸ்கூல் வேன்ல ஏறி, கிளட்ச் பெடலுக்கு நேர் கீழ அந்த மஞ்சள் ரப்பர் வாத்தை டேப் போட்டு ஒட்டினேன். நீ மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் 'கீச்'! கியருக்கு ஒரு கீச். பள்ளிக்கூடம் போய்ச் சேர மொத்தம் எத்தனை கீச்னு எண்ணிச் சொல்லு. நான் வீட்டுல இல்லாட்டியும் என் குரல் உன் காதுல விழணும். அவ்வளவுதான் நோக்கம். வேற கெட்ட எண்ணம் இல்ல.

இப்படிக்கு,
உன் காலடியில் கத்தும்
சுண்டெலி


ஜூன் 16

ஏய் சுண்டெலி,

கடிதம் வந்தது. அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். வாத்து பத்தின இடத்தை விட்டுட்டேன்.

வாத்து ரெண்டு தடவை கத்துச்சு. அப்புறம் பிஞ்சுடுச்சு. குப்பையில போட்டுட்டேன். இனிமே அதைப் பத்தி எழுதவும் வேண்டாம், யார்கிட்டயும் பேசவும் வேண்டாம்.

வேன் ஒர்க்‌ஷாப்ல நிக்குது. கிளட்ச்ல ஏதோ கோளாறு. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும். அதுவரைக்கும் என்னை ஆபீஸ்ல உக்கார வெச்சிருக்காங்க. பிள்ளைங்களோட அடையாள அட்டையில ஃபோட்டோ ஒட்டுறேன். பசை விரல்ல காய்ஞ்சு பாம்புச் சட்டை மாதிரி உரியுது. எண்ணூறு மூஞ்சி. அதுல பாதி கண்ணை மூடியிருக்கு.

அம்மாகிட்ட வேனைப் பத்திக் கேக்காதே. அவங்களுக்குப் புரியாது.

சான்றிதழ் வந்து சேரும். நான் பார்த்துக்கறேன். நீ வாலைச் சுருட்டிக்கிட்டு இரு. துணியை ஊற வெச்சா அன்னிக்கே துவை.

அக்கா


ஜூன் 21

பசைப் பைலட்டுக்கு,

"அம்மாகிட்ட கேக்காதே"ன்னு எழுதினா நான் என்ன செய்வேன்னு பதினேழு வருஷம் கூட இருந்தவளுக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை ஃபோன் கையில வந்ததும் முதல் கேள்வியே அதுதான். "சாப்பிட்டியா"வுக்கு இடமே குடுக்கல.

அம்மா அழுதுட்டாங்க. வேன் பள்ளிக்கூட வாசல் தூண்ல மோதிடுச்சாமே? முன்விளக்கு உடைஞ்சு, கேட் மாமாவோட நாற்காலி தூணுக்கும் வேனுக்கும் நடுவுல மாட்டிச் சில்லு சில்லாப் போச்சாமே? "அவர் மட்டும் அதுல உக்காந்திருந்தா"ன்னு ஆரம்பிச்ச அம்மா அதை முடிக்கல. நானும் முடிக்கச் சொல்லல. பரோலும் முடிஞ்சுது.

அக்கா, அந்த மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்து யாராவது பார்த்திருக்கோமா? கேட்டுல கயிறு கட்டி, உக்காந்த இடத்துல இருந்தே இழுத்துத் திறக்கிறவர். ஹெச்.எம். கார் வந்தாலே கயித்தைத்தான் எழுப்புவார். அன்னிக்குன்னு பார்த்து எழுந்திருக்காரே! அவர் காலுக்கு நான் கோடி நன்றி சொல்றேன். ரெண்டு காலுக்கும் தனித்தனியா.

உன்னை ஏன் ஆபீஸ்ல உக்கார வெச்சிருக்காங்கன்னு இப்பதான் புரியுது. விசிலார் சொன்னாராமே, "பிரேக்குக்குப் பதிலா வேற எதையோ மிதிச்சிருக்கா"ன்னு. கழுத்துல விசிலைத் தொங்கவிட்டுக்கிட்டா போக்குவரத்துப் பொறுப்பாளராம். அஞ்சு வருஷமா நீ ஒரு நாய்க்குட்டியைக்கூட உரசினதில்ல. அந்த விசிலுக்குள்ள இருக்கிற பட்டாணியை எடுத்துட்டு வேற எதையாவது போடட்டுமா? வேண்டாம், வேண்டாம். திருந்திட்டேன்.

ஒரு வேடிக்கை பாரு. இங்க இப்போ கிளட்ச் பாடம்தான் ஓடுது. இன்ஜின் நிக்காம சுத்திக்கிட்டே இருக்கும். சக்கரம் அப்பப்போ நின்னாகணும். ரெண்டையும் நேரடியா கோத்துட்டா சக்கரம் நிக்கும்போதெல்லாம் இன்ஜினும் செத்துப்போகும். அதுக்காக நடுவுல ஒரு வட்டத் தட்டு. பலமான ஸ்பிரிங் அந்தத் தட்டை இன்ஜினோட சேர்த்து அமுக்கிப் பிடிச்சிருக்கும். பிடிச்சிருக்கிற வரைக்கும் இன்ஜின் சுத்துறது சக்கரத்துக்குப் போகும். நீ பெடலை மிதிச்சா அந்தப் பிடி விட்டுடும். காலை எடுத்தா மறுபடியும் பிடிச்சுக்கும். அதாவது உலகத்துலயே மிதிச்சா விடுறதும், விட்டா பிடிக்கிறதும் இந்த ஒரு சாமான்தான். நம்ம வீட்டுல ஒரே போர்வையில தூங்கும்போது நீ என்னை மிதிச்சா நான் விட மாட்டேன்ல, அதுக்கு நேர் எதிர்.

வாத்தியார் நல்லவர். வாத்தியாருக்கும் வாத்துக்கும் ஆரம்பம் ஒண்ணுங்கிறதை இன்னும் அவர்கிட்ட சொல்லல.

அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு நீயே எழுது. முழுசா.

உன் கட்சி,
எலி


ஜூன் 25

ஏய் எலி,

அம்மாவை அழ வெச்சுட்டு உனக்கு வேடிக்கை. சரி, கேட்டுட்ட. எழுதறேன்.

கேட்டுக்கு முன்னாடி எப்பவும்போல நிறுத்தினேன். முதல் கியர். இடது கால் கிளட்ச்ல, வலது கால் பிரேக்ல. கேட் மாமா அன்னிக்கு என்னவோ கயித்தை விட்டுட்டு எழுந்து வந்து கையாலயே கேட்டைத் தள்ளினார். பாதி திறந்ததும் பிரேக்ல இருந்து காலை எடுத்தேன். கிளட்ச் மிதியிலதான் இருக்கு. சமதரை. வண்டி சும்மா நிக்கணும்.

நிக்கல. தானா நகர்ந்துச்சு. கிளட்ச் சரியா மிதிபடலையோன்னு இன்னும் அழுத்தினேன். அதுல ஒரு நொடி போச்சு. பிரேக்குக்குக் கால் போறதுக்குள்ள தூண் வந்துடுச்சு. ஆமை வேகம்தான். பிள்ளைங்க பதினொரு பேர், யாருக்கும் ஒரு கீறல் இல்ல. ஆனா அந்த நாற்காலி உடைஞ்ச சத்தம் இன்னும் காதுல இருக்கு.

கிளட்ச் போச்சுன்னு சொன்னேன். மெக்கானிக் பிரிச்சுப் பார்த்தார். தட்டு புதுசு மாதிரி இருக்காம். ஸ்பிரிங் நல்லா இருக்காம். வண்டிமேல குத்தம் இல்லைன்னா குத்தம் யார் மேல? அதான் விசிலார் பேசறார். ஜூலை ஒன்பதாம் தேதி விசாரணை. ஹெச்.எம்., விசிலார், மெக்கானிக், பெற்றோர் ரெண்டு பேர். "என் கவனக்குறைவு"ன்னு சொல்லிட்டு வந்துடலாம்னு இருக்கேன். அதுவும் பொய்யில்ல.

நீ இதுல மூக்கை நுழைக்காதே. படி.

அக்கா


ஜூலை 1

அக்கா,

இன்னிக்கு ஒண்ணு செஞ்சேன். முதல்ல அதைச் சொல்லிடறேன்.

எங்க பட்டறையில ஒரு நிஜக் கிளட்சைக் குறுக்கால அறுத்து ஸ்டாண்டுல நிறுத்தியிருக்காங்க. உள்ள இருக்கிறது எல்லாம் தெரியும். ஒரு பக்கம் சின்ன மோட்டார், அதுதான் இன்ஜின். மறுபக்கம் தண்டு, அதுல சிவப்புப் பெயின்ட்ல ஒரு கோடு. மோட்டார் ஓடினா கோடும் சுத்தும். பெடலை மிதிச்சா தட்டு பிரிஞ்சு கோடு நிக்கணும். பத்து வருஷமா வாத்தியார் மிதிப்பார், கோடு நிக்கும், பசங்க தலையாட்டுவாங்க. எனக்கு அந்தக் கோடு ஒரு நாளாவது நிக்காம போகணும்னு ஆசை வந்துடுச்சு. போர்டு அழிக்கிற டஸ்டரை எடுத்து, அவர் திரும்பின நேரத்துல பெடலுக்குக் கீழ சொருகிட்டேன். கட்டை டஸ்டர். ரெண்டு விரல் கனம்.

வாத்தியார் மிதிச்சார். கோடு சுத்துது. இன்னும் அழுத்தி மிதிச்சார். சுத்துது. பசங்க சிரிக்க ஆரம்பிச்சாங்க. எல்லாரையும்விட நான்தான் சத்தமா சிரிச்சேன். அவர் குனிஞ்சு டஸ்டரை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். யார் வெச்சதுன்னு கேக்கவே இல்ல.

"யாரு வெச்சீங்களோ, நன்றி. இதை எப்படிக் காட்டுறதுன்னு ரொம்ப நாளா யோசிச்சுக்கிட்டிருந்தேன்"னார். அப்புறம் டஸ்டரைத் திரும்ப அதே இடத்துலயே வெச்சார். "பெடல் அடி வரைக்கும் போகலைன்னா தட்டு முழுசாப் பிரியாது. கொஞ்சம் ஒட்டிக்கிட்டே இழுக்கும். டிரைவர் மிதிச்சுட்டோம்னு நம்புவார். வண்டிக்கு அது தெரியாது, அது பாட்டுக்கு நகரும். பிரேக்கை விட்டா போச்சு. அப்புறம் பிரிச்சுப் பார்த்தா எல்லாமே நல்லா இருக்கும். பழி டிரைவர் தலையில விழும்."

அதுக்கப்புறம் அவர் என்ன சொன்னார்னு எனக்குத் தெரியாது. அந்தச் சிவப்புக் கோடு சுத்திக்கிட்டே இருந்துச்சு. அது மட்டும்தான் தெரிஞ்சுது.

உன் கடிதத்தை மூணு தடவை படிச்சேன். "இன்னும் அழுத்தினேன்." "தானா நகர்ந்துச்சு." "தட்டு புதுசு மாதிரி இருக்காம்."

அந்த வாத்து எத்தனை விரல் கனம் அக்கா? நான் அளக்கவே இல்ல. கத்துமான்னு மட்டும்தான் அமுக்கிப் பார்த்தேன்.

ரெண்டு தடவை கத்திட்டுப் பிஞ்சுபோச்சுன்னு எழுதினியே, அது நிஜமா? குப்பையிலதான் போட்டியா? எங்க அது?

இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் சீக்கிரம் பதில் போடு.


ஜூலை 4

ஆமா.

வாத்துதான். உனக்கு இவ்வளவு சீக்கிரம் பாடம் நடத்திடுவாங்கன்னு நான் எதிர்பார்க்கல.

தெருமுனை திரும்பும்போதே கீச்னுச்சு. குனிஞ்சு பார்த்தேன், மஞ்சளா தெரிஞ்சுது. உன் வேலைதான்னு சிரிப்பு வந்துச்சு. அடுத்த ஸ்டாப்புல பிச்சு எறிஞ்சிடலாம்னுதான் இருந்தேன்.

மூணாவது சீட்டுல ஒரு குட்டி வருது. புதுசு. ஸ்கூல் திறந்த நாள்ல இருந்து ஏறும்போது ஆரம்பிச்சு இறங்குற வரைக்கும் அழுகை. ஒரு வார்த்தை பேசாது. அன்னிக்கு அந்தக் கீச் கேட்டதும் அழுகை பாதியில நின்னுச்சு. அடுத்த கீச்சுக்குச் சிரிச்சுது. அப்புறம் மொத்த வேனும் சிரிச்சுது. நான் தேவையே இல்லாம கிளட்சை மிதிச்சேன் எலி. அது சிரிக்கணும்னு. அடுத்த ஸ்டாப் வந்துச்சு, எடுக்கல. அதுக்கடுத்தது வந்துச்சு, எடுக்கல.

கேட்டுக்கு முன்னாடி சத்தம் நின்னுடுச்சு. டேப் பிஞ்சு எங்கயோ உருண்டுடுச்சுன்னு நினைச்சேன். உருளல. ரெண்டா மடங்கிப் பெடலுக்குக் கீழ சிக்கியிருந்துச்சு. வாயை மூடிக்கிட்டு.

யாரும் ஓடி வர்றதுக்குள்ள அதை எடுத்து என் சாப்பாட்டுப் பையில போட்டேன். அங்கதான் இருக்கு.

ஒட்டினது நீ. விட்டு வெச்சது நான். நான்தான் டிரைவர். பெடலுக்குக் கீழ ஒரு பேனா கிடந்தாலே நிறுத்தி எடுக்கணும்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. அதனால இது என் கணக்கு. உன் பேர் இதுல வந்தா ஹெச்.எம். கையெழுத்துப் போட மாட்டாங்க, உன் சீட்டு போயிடும். எனக்கு இந்த வேன் இல்லைன்னா வேற ஏதாவது ஓட்டிக்கறேன்.

நீ ஒண்ணும் செய்யக் கூடாது. யாருக்கும் எழுதக் கூடாது. அம்மா மேல ஆணை.

அக்கா


ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் மதியம் வந்தது. சாயங்காலமே ஹெச்.எம்.முக்கு விரைவுத் தபால் போட்டுட்டேன். அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது. நீ ஆணையிட்டது 'யாருக்கும்'னு. ஹெச்.எம். யாரோ இல்ல, பன்னெண்டு வருஷம் என்னைக் காதைப் பிடிச்சு வளர்த்தவங்க.

நாலு பக்கம். அதுல ஒரு பக்கம் முழுக்கப் படம். பெடல், தட்டு, ஸ்பிரிங், நடுவுல வாத்து. வாத்துக்கு மட்டும் மஞ்சள் கலர் அடிச்சேன். படத்தை வாத்தியார்கிட்ட காட்டிச் சரி பார்த்துக்கிட்டேன். "ஸ்பிரிங் எதிர்ப் பக்கம் வரணும்"னு மட்டும் சொல்லிட்டு, பென்சிலைத் திருப்பிக் குடுத்தார். ஒட்டினது நான்தான்னும் எழுதிட்டேன். நீ விட்டு வெச்சதை எழுதல. அது நீ சொல்ல வேண்டியது. உன் வாயால.

வேற ஏதாவது ஓட்டிக்குவியா? பிரேக் எதுன்னு தெரியாதவன்னு பேர் வாங்கினவளுக்கு யாரு வண்டி குடுப்பா? உனக்கு ஓட்டத்தான் பிடிக்கும். காலையில வண்டிச் சாவியை எடுக்கும்போது உன் மூஞ்சியைப் பார்த்திருக்கேன். ஃபோட்டோ ஒட்டுற மூஞ்சி இல்ல அது.

ஒண்ணு சொல்லட்டுமா? எனக்கும் ஹெச்.எம்.முக்கும் நடுவுல நீ கிளட்சை மிதிச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற. அந்தப் பக்கம் என்ன சுத்தினாலும் இந்தப் பக்கம் எனக்கு வராம. ஒரு மாசமா. கால் வலிக்கலையா? போதும், காலை எடு. மெதுவா எடு, கொஞ்சம் குலுக்கும். ஆனா எடுத்துடு.

சீட்டு போனா போகட்டும்னு வீரமா எழுதத்தான் ஆசை. பொய். இந்தப் பட்டறை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. கை எல்லாம் கிரீஸ், நகம் எல்லாம் கறுப்பு. பெட்டியைக் கட்டச் சொன்னா நான் ஓன்னு அழுவேன். அழுதுக்கிட்டே கட்டுவேன்.

நீ வாத்தை எடுத்து ஒளிச்சதுக்கு நன்றி. திட்டாம ஒளிச்சதுக்கு ரெண்டாவது நன்றி. இதுவரைக்கும் உனக்கு நன்றின்னு நான் எழுதினதே இல்லன்னு நினைக்கிறேன். கை கூசுது.

எலி


ஜூலை 10

ஏய் எலி,

உக்காந்து படி. நீளமான கடிதம். என் வாழ்க்கையிலயே இவ்வளவு எழுதினதில்ல.

நேத்து விசாரணை. உள்ள போனதும் ஹெச்.எம். மேஜையில உன் படம். வாத்து பளிச்சுனு தெரியுது. நீ கையில கிடைச்சா நாலு சாத்து சாத்தணும்போல இருந்துச்சு. அப்போ ஹெச்.எம்., "இந்த வாத்து எங்க?"ன்னாங்க. சாப்பாட்டுப் பையைத் திறந்து எடுத்து வெச்சேன். அமுங்கியிருந்த வாத்து மேஜை மேல கீச்னு ஊதிக்கிச்சு. பெற்றோர்ல ஒருத்தர் வாயைப் பொத்திக்கிட்டார்.

விசிலார் விடுவாரா? "அக்காவைக் காப்பாத்தத் தங்கச்சி கட்டின கதை. ரப்பர் பொம்மை வண்டியை நகர்த்துமா?"ன்னு கேட்டார். ஹெச்.எம். மெக்கானிக்கைப் பார்த்தாங்க. எல்லாரும் எழுந்து வெளிய போனோம்.

வேனோட பின் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினாங்க. இன்ஜின் ஓடுது, முதல் கியர். மெக்கானிக் கிளட்சை அடி வரைக்கும் மிதிச்சார். சக்கரம் நின்னுச்சு. வாத்தை மடக்கிப் பெடலுக்குக் கீழ வெச்சு மிதிச்சார். சக்கரம் சுத்துது. இன்னும் அழுத்தினார். சுத்துது. விசிலார் தானே ஏறி உக்காந்து பல்லைக் கடிச்சுக்கிட்டு மிதிச்சார். சுத்துது. இறங்கி வந்து கண்ணாடியைத் துடைச்சார். என்னைப் பார்த்து, "நான் பேசினது தப்பும்மா"ன்னார். அவ்வளவு பேர் முன்னாடி. அவரையும் சும்மா சொல்லக் கூடாது. அந்த விசில்ல நீ கை வெக்காதே.

அப்போ கேட் மாமா பின்னாடி இருந்து, "அந்தச் சத்தம்தானே?"ன்னார். எல்லாரும் திரும்பினோம். "தூரத்துல வேன் வரும்போதே கீச் கீச்னு கேட்டுச்சு. பிள்ளைங்க சிரிக்குதுங்க. என்னடா அதுன்னு பார்க்கத்தான் எழுந்தேன். இல்லைன்னா நான் ஏன் எழுந்திருக்கப் போறேன்?"

"இதை ஏன் இத்தனை நாள் சொல்லல?"ன்னு ஹெச்.எம். கேட்டாங்க.

"யாரும் கேக்கலையே"ன்னார்.

ஹெச்.எம். வாத்தையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. "இது கத்தினதாலதான் அவர் எழுந்து தப்பிச்சார். அதைத் தன் புத்திசாலித்தனம்னு அவ நினைச்சுடக் கூடாது. வெறும் அதிர்ஷ்டம். இதை அப்படியே எழுது அவளுக்கு"ன்னாங்க. எழுதிட்டேன்.

விட்டு வெச்சது நான்தான்னு நானே சொன்னேன். என் வாயால. ரெண்டு வாரம் வண்டி கிடையாது, கோப்புல ஒரு எச்சரிக்கை. அது நியாயம். இருபத்தஞ்சாம் தேதி சாவி என் கைக்கு வருது.

இப்போ உன் விஷயம். மூச்சை விடு. சான்றிதழ் இதோட இருக்கு. 'நடத்தை'ங்கிற கட்டத்துல 'கவனிக்கப்பட வேண்டியது'ன்னு எழுதியிருக்காங்க. அதுக்குக் கீழ பார். ஸ்கேல் வெச்சுக் கையாலயே புதுசா ஒரு கட்டம் போட்டு, 'நேர்மை: மிக நன்று'ன்னு எழுதி, அதுக்குத் தனியா ஒரு கையெழுத்து. இப்படி ஒரு கட்டம் இதுவரைக்கும் எந்தச் சான்றிதழ்லயும் வந்ததில்லைன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. உங்க முதல்வருக்கும் ஃபோன் பண்ணிப் பேசிட்டாங்களாம்.

தண்டனையும் உண்டு. கேட் மாமாவுக்கு நாற்காலி நீ செஞ்சு தரணும். கடையில வாங்கக் கூடாது. உன் கையால, அந்தப் பட்டறையில.

வாத்தையும் அனுப்பியிருக்கேன். "யாரோடதோ அவகிட்டயே போகட்டும்"னு ஹெச்.எம். உத்தரவு.

நான் உன்மேல கோபமாத்தான் இருக்கேன். ஆனா ராத்திரி நல்லாத் தூங்கினேன். ஒரு மாசத்துல முதல் தடவை.

அக்கா


ஆகஸ்ட் 3

பைலட் மேடம் அவர்களுக்கு,

நாற்காலி லாரியில வருது. இரும்புக் குழாயை நானே அறுத்து, நானே வெல்டிங் வெச்சேன். முதல் நாள் செஞ்சது மூணு கால்ல நின்னுச்சு, நாலாவது கால் வானத்தைப் பார்த்து வணக்கம் சொல்லுச்சு. பிரிச்சு மறுபடி செஞ்சேன். மொத்தம் நாலு தடவை. கடைசியா வாத்தியார் அது மேல ஏறி நின்னு குதிச்சார். அவர் சின்ன ஆள் இல்ல. ஒண்ணும் ஆகல. சாய்மானத்துல கயிறு மாட்ட ஒரு வளையமும் வெச்சிருக்கேன், கேட் மாமாவோட வசதிக்கு.

இன்னொரு சாமானும் அதுல இருக்கு. உக்காந்தாதான் தெரியும். பயப்படாதே, வண்டியில இருந்து நல்ல தூரம்.

சான்றிதழை முதல்வர் வாங்கி ரெண்டு நிமிஷம் படிச்சார். மறுபடியும் படிச்சார். "இந்த ரெண்டு கட்டமும் ஒரே ஆளுக்கா?"ன்னு கேட்டார். ஆமா சார்னு சொன்னேன். சீட்டு நிரந்தரம்!

ஹெச்.எம்.முக்கு என் நன்றி. கேட் மாமாவோட ரெண்டு காலுக்கும் மறுபடியும் நன்றி. உனக்கு இல்ல. உனக்குப் போன கடிதத்துலயே சொல்லிட்டேன், தினமும் சொன்னா கெட்டுப்போயிடுவே.

நிரந்தர எலி


ஆகஸ்ட் 9

ஏய் எலி,

நாற்காலி வந்துடுச்சு. கேட் மாமா சுத்திச் சுத்தி வந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார். அப்புறம் மெதுவா உக்காந்தார்.

கீச்.

வாசல்ல நின்ன அத்தனை பேரும் திரும்பிட்டாங்க. அவர் எழுந்து குனிஞ்சு பார்த்தார். பலகைக்குக் கீழ மஞ்சளா உன் ஆள். நான் வேன்ல உக்காந்துக்கிட்டு, 'செத்தாடா எலி'ன்னு கண்ணை மூடிக்கிட்டேன். அவர் மறுபடி உக்காந்தார். கீச். எழுந்தார். உக்காந்தார். கீச்.

மூணாவது சீட்டுக் குட்டி அப்போ படியில நின்னு இறங்க மாட்டேன்னு அழுதுக்கிட்டிருந்துச்சு. அது அழுகையை விட்டுட்டு அந்த நாற்காலியையே பார்த்துச்சு. அப்புறம் என் கையைப் பிடிக்காம தானே இறங்கிப் போச்சு.

இப்போ தினமும் இதுதான் கதை. வேன் நின்னதும் கேட் மாமா எழுந்து நிக்கிறார். குட்டி கடைசிப் படிக்கு வர்ற வரைக்கும் காத்திருக்கிறார். வந்ததும் பொத்துன்னு உக்கார்றார். ஹெச்.எம். காருக்கே எழுந்திரிக்காத மனுஷன் இப்போ தினமும் எழுந்திரிக்கிறார், உக்காந்து காட்டுறதுக்காக. நேத்து குட்டி முதல் தடவையா என்கிட்ட பேசுச்சு. "அதுக்குப் பேரு என்ன?"ன்னு கேட்டுச்சு. சுண்டெலின்னு சொன்னேன். "வாத்துக்கு எலின்னு யாராவது பேர் வெப்பாங்களா?"ன்னு என்னை ஒரு மாதிரி பார்த்துட்டுப் போச்சு.

நான் காலையில ஏறினதும் முதல் வேலையா குனிஞ்சு மூணு பெடலுக்குக் கீழயும் கைவிட்டுத் துழாவிப் பார்க்கிறேன். கேட்டுக்கு வந்ததும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, கைப்பிரேக்கை இழுத்துட்டு, கிளட்ச்ல இருந்து காலை எடுத்துடறேன். அப்புறம்தான் அந்தக் கீச்சைக் கேக்கறேன்.

கால் வலிக்கலையான்னு கேட்டிருந்தியே. வலிச்சுது எலி. இப்போ இல்ல.

அக்கா